முழங்கால் மெத்தையில் ஒரு நீலத் துண்டு

செகந்திராபாத்தின் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஹில்டாவுக்கு ‘ரூஃபஸ் சார் மிஸஸ்’ என்று பெயர். மல்லாபூரில் அவள் வேலை பார்க்கும் வால்வு கம்பெனியில் ‘ஸ்டோர்ஸ் மேடம்’. இரண்டும் அவளுக்குப் பிடித்திருந்தன. சொந்த ஊரில் கடைசியாக அவளுக்குக் கிடைத்த பெயரை நினைத்தால் இவை இரண்டும் மகுடம்தான்.

சொந்த ஊர் தெற்கே நாசரேத். அப்பாவுக்குப் பக்கவாதம், தம்பிமார் படிப்பு, அப்புறம் அவர்கள் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபோது ஹில்டாவுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. அவளுக்கென்று மாப்பிள்ளை தேட அதற்குமேல் யாருக்கும் தோன்றவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில்தான் செகந்திராபாத்திலிருந்து ரூஃபஸின் சம்பந்தம் வந்தது. ரயில்வே வேலை, மனைவி இறந்து சில வருஷம், காலேஜ் படிக்கும் ஒரு மகள். ஹில்டா யோசித்தாள், ஜெபித்தாள், சரி என்றாள். அவ்வளவுதான், ஊர் வாய்க்கு வேலை கிடைத்துவிட்டது.

“ஹில்டா ரெண்டாந்தாரமாவா போறா?”

கோயில் வாசலில் கேட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் கேட்டார்கள். அவள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்று கேட்டார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது ஒவ்வொருவர் வாயும் கொஞ்சம் கோணிக்கொண்டது. மனைவி என்றோ சம்சாரம் என்றோ சொன்னால் நாக்கு சுட்டுவிடுமா? தாரமாம். அதுவும் ரெண்டாம் தாரமாம். கல்யாணப் புடவையைத் தேர்ந்தெடுத்த நாளில்கூட அது அவள் காதுக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது.

ரயில் ஏறியதும் அந்தச் சொல் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டது என்றுதான் அவள் நம்பினாள். இந்த ஊரில் அவளைச் சுற்றிப் பேசப்பட்டது தெலுங்கு, இந்தி, உருது, எல்லாவற்றுக்கும் நடுவில் இங்கிலீஷ். எதிலும் அந்தச் சொல் அவள் காதில் விழவில்லை. கம்பெனியில் பீகார், ஒடிசா பையன்கள், அதனால் இந்தி சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. ஜெனரல் பஜாரில் எம்பிராய்டரி நூல் வாங்கும்போது ‘லால் தாகா, ஹரா தாகா’ என்று பேரம் பேசும் அளவுக்குத் தேறிவிட்டாள். தெலுங்குதான் வரவில்லை. ‘காவாலி’, ‘வத்து’, ‘எந்த’ என்று வேண்டும், வேண்டாம், எவ்வளவு என்பதோடு நின்றுபோனது. அதுவும் காய்கறிக்காரியின் தயவு.

வீட்டில்தான் அந்தத் தெலுங்கு தேவைப்பட்டது. ரூஃபஸ் நல்ல மனுஷன், அவளிடம் தமிழிலேயே பேசுவார், நடுநடுவே ஆமாவுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்று ஊர்ப்பேச்சு எட்டிப் பார்க்கும். மகள் எமி வேறு மாதிரி. அவளைப் பெற்ற விஜயகுமாரியின் குடும்பம் தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்டது. தமிழ் ஆட்கள்தான், ஆனால் வீட்டுப் பேச்சு தெலுங்காகிவிட்டது. ஆகவே எமிக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் வேறு மொழியில் வரும். ஹில்டா “சாப்பிடுதியா எமி?” என்றால் “லேட்டர், ஆன்ட்டி” என்பாள். மரியாதைக்குக் குறைவில்லை. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஹில்டா வந்து ஐந்து வருஷமாகியும் அந்த ‘ஆன்ட்டி’க்குள் என்ன இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எமிக்கும் பிளஸ்ஸனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. பிளஸ்ஸன் சனத்நகர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் இருப்பவன், உயரமான, கூச்ச சுபாவமுள்ள பையன். கல்யாண வேலைகளில் ஹில்டா இறங்கி உழைத்தாள். அவள் மனதில் ஒரே ஒரு ஆசை இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. கோயிலில் முதல் வரிசையில் பெண்ணின் தாய் உட்காரும் இடம் ஒன்று உண்டு. அங்கே உட்கார வேண்டும். விஜயகுமாரியின் தங்கை ஜலஜா விசாகப்பட்டினத்திலிருந்து வருகிறாள், ரத்த உறவு, அந்த இடம் அவளுக்குத்தான் என்று எமி நினைக்கலாம். நினைத்தால் தப்பும் இல்லை. வாய்விட்டுக் கேட்டு வாங்கக்கூடிய இடமா அது? ஹில்டா காத்திருந்தாள்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எமி பீரோவைத் திறந்து அவள் அம்மாவின் சேலைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். போனை நீட்டி ஒரு படம் காட்டினாள். கோணல்மாணலாக வெட்டிய துணித் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, சேரும் இடமெல்லாம் கைத்தையல் பூவேலையும் பாசிமணியும் வைத்த ஒரு சதுரம். க்ரேஸி குவில்ட் என்றாள்.

“கிறுக்குப் போர்வைன்னு சொல்லு” என்றார் ரூஃபஸ். “நக்கோ எமி, கல்யாண வீட்ல கிறுக்கு கிறுக்குன்னு பேசாத. பிளஸ்ஸன் பயந்து ஓடிடுவான்.”

“போர்வை இல்ல டாடி. நீல் பண்ணுவோம் இல்லையா, ஆல்டர் முன்னால? அந்த குஷனுக்கு.” எமி ஹில்டா பக்கம் திரும்பினாள். தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். “சர்ச் குஷன் ரெக்ஸின் ஆன்ட்டி, பிளாக் கலர். எனக்கு அம்மா சேலையில வேணும். அம்மா மடியில முழங்கால் போடுற மாதிரி. நீங்க தெச்சுத் தருவீங்களா?”

ஹில்டா மேலே கிடந்த சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “தாரேன்” என்று மட்டும் சொன்னாள். கடையில் கொடுத்திருக்கலாம், ஜலஜாவிடம் கேட்டிருக்கலாம். தன்னிடம் கேட்டாளே என்று அன்று முழுக்க அடுப்படியில் தனியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

சேலையில் கத்தரி வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். மெரூன், கடுகு மஞ்சள், அரக்கு, செங்கல் நிறம், எல்லாம் சூடான வண்ணங்கள். விஜயகுமாரி நர்சரி டீச்சராக இருந்தவள். குழந்தைகள் இழுக்கும் இழுப்புக்குச் சேலை நழுவாமல் இருக்கத் தோளில் பின் குத்துவாள் போல, ஒவ்வொரு சேலையிலும் அதே இடத்தில் துரு ஏறிய பொட்டுப் பொட்டாய் ஓட்டைகள். ஹில்டா அந்த இடத்தை விரலால் தடவினாள். போட்டோவில் மட்டுமே பார்த்த ஒருத்தியின் தோளைத் தொடுவது போல் இருந்தது. பொறாமை இருந்ததா என்றால், வந்த புதிதில் இருந்தது. இறந்தவளோடு யார் போட்டி போட முடியும்? அவளுக்கு வயதும் ஏறாது, குழம்பில் உப்பும் கூடிப்போகாது. ஆனால் துணியைக் கையில் பிடித்த பிறகு அந்தப் பொறாமை எங்கோ போய்விட்டது. துரு விழுந்த இடங்களை வெட்டி எறிய வேண்டும் என்பது தையல்காரர் புத்தி. ஹில்டா அவற்றைத்தான் முதலில் வெட்டி எடுத்து வைத்தாள்.

வெள்ளைக் காடா அடித்துணியின் நடுவில் ஐந்து மூலையுள்ள ஒரு மெரூன் துண்டு. அதைச் சுற்றி மற்றத் துண்டுகளை ஓரம் மடித்து, ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி உட்காரும்படி தைத்தாள். பிறகு ஒவ்வொரு சேர்மானத்தின் மேலும் ஒரு பூவேலை. மெரூனும் மஞ்சளும் சேரும் இடத்தில் பச்சை நூலில் சங்கிலித் தையல், அரக்குக்கும் செங்கலுக்கும் நடுவில் இறகு விரிந்தது போன்ற ஃபெதர் ஸ்டிச். துரு ஓட்டை ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொன்னிறப் பாசி. பாசி வைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. பெண் முழங்கால் போடும் மெத்தையில் கண்ட இடத்தில் பாசி வைத்தால், சர்ச் ஐயர் ஆசீர்வாத ஜெபம் முடிப்பதற்குள் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆகவே ஹில்டா தானே தரையில் முழங்கால் போட்டுப் பார்த்து, துணியில் சாக்பீஸால் இரண்டு வட்டம் வரைந்துகொண்டாள். அந்த வட்டங்களுக்குள் வழவழப்பான நூல்வேலை மட்டும். துரு விழுந்த துண்டுகள் எல்லாம் ஓரத்துக்குப் போயின.

எல்லாம் சேர்ந்த பிறகு தள்ளி வைத்துப் பார்த்தாள். ஏதோ குறைந்தது. எங்கு பார்த்தாலும் சூடான நிறம், கண் நின்று மூச்சு விட ஒரு இடமில்லை. ஒரு குளிர்ந்த நிறம் வேண்டும். விஜயகுமாரியின் பீரோவில் அப்படி ஒன்றும் இல்லை. ஹில்டாவிடம் இருந்தது. அவள் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிய மயில் நீலப் பட்டின் பிளவுஸ் துணியில் மிச்சம் ஒரு துண்டு. எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். கடைசியில் ஒரு மூலையில், தீப்பெட்டி அகலத்துக்கு, யாரிடமும் சொல்லாமல் தைத்துவிட்டாள். அதைச் சுற்றி மிகச் சின்னப் பாசிகளாகக் கோத்தாள். சதுரம் முழுவதும் உயிர் வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனால் எமி பார்த்தாள், விரலால் தடவினாள். ஹில்டா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் அடுப்படியில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் எமி கட்டிலில் துணியை விரித்து வைத்துக்கொண்டு ஜலஜாவோடு வீடியோ காலில் இருந்தாள். கடகடவென்று தெலுங்கு. ஹில்டா கவனிக்கவில்லை, புரியப்போவதும் இல்லை. திடீரென்று எமியின் குரல் உயர்ந்தது.

“ரெண்டோ தாரம் வத்து, பின்னி! வத்தண்டே வத்து! ஃப்ரண்ட்லோ அஸ்ஸலு வத்து!”

ஹில்டாவின் கையில் கத்தி நின்றது.

பின்னி என்றால் சித்தி, ஜலஜாவை அப்படித்தான் கூப்பிடுவாள். வத்து என்றால் வேண்டாம். ஃப்ரண்ட் என்றால் முன்னால். மிச்சமிருந்த சொல்லுக்கு அவளுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அது நாசரேத்திலிருந்து அவளோடுதான் ரயில் ஏறி வந்திருக்கிறது, இத்தனை வருஷமாக எங்கோ படுத்துக் கிடந்துவிட்டு இப்போது எமியின் வாயில் எழுந்து நிற்கிறது. ரெண்டாந்தாரம் வேண்டாம். முன்னால் வேண்டவே வேண்டாம்.

அவள் எழுந்து போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், ஆனால் ஹில்டா கேட்கிற ஆளா? முருங்கைக்காயை நறுக்கி முடித்தாள், சாம்பார் வைத்தாள், பரிமாறினாள். எமி “சூப்பர் ஆன்ட்டி” என்றாள். எப்படித்தான் முடிகிறதோ இந்தப் பெண்ணுக்கு என்று ஹில்டாவுக்கு ஆற்றாமையாக இருந்தது. அப்புறம் அந்த ஆற்றாமையும் போய், வெறும் துக்கம் மிஞ்சியது. தாயை இழந்த பிள்ளை தன் தாயின் இடத்தைக் காப்பாற்றுகிறது, அதில் என்ன குற்றம்?

மறுநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து நீலத் துண்டைப் பிரித்தாள். சின்னப் பாசிகள் ஒவ்வொன்றாகக் கழன்று கிண்ணத்தில் விழுந்தன. பட்டு முரண்டு பிடித்தது, பிரித்த பிறகும் ஊசித் தடம் போகவில்லை. அந்த மூலையில் ஒரு மெரூன் துண்டை வைத்துத் தைத்தாள். மனசு கொதிக்கும்போது தைத்தால் நூல் இறுகித் துணி சுருங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கை இறுகும்போதெல்லாம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சைச் சீராக்கிக்கொண்டு, மறுபடி எடுத்தாள். வாரம் முழுவதும் கம்பெனியிலிருந்து வந்து மிச்சமிருந்த பூவேலையையும் அப்படித்தான் தைத்தாள். ஒரு இடத்திலும் துணி சுருங்கவில்லை.

ரூஃபஸிடம் ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள். “கல்யாணத்தன்னைக்கு நான் பின்னால இருந்துக்கிடுதேன். சாப்பாட்டு ஹாலைப் பாக்க ஆள் வேணும்லா.”

“ஹாலைப் பாக்கத்தான் கேட்டரிங்காரன் இருக்கானே” என்றார் ரூஃபஸ்.

“அவனைப் பாக்க ஒரு ஆள் வேணும்” என்று சொல்லிவிட்டு ஹில்டா எழுந்து போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்தது. ஹில்டா சதுரத்தை இஸ்திரி போட்டு மடித்து மேஜையில் வைத்தாள். எமி வந்து பிரித்துப் பார்த்தாள். முதலில் முகம் மலர்ந்தது, பிறகு விரல்கள் மூலை மூலையாகத் தேடின.

“ஆன்ட்டி, அந்த ப்ளூ எங்க?”

“எடுத்துட்டேன். சாயம் போகும்.”

“பட்டு. சாயம் போகாது.” எமியின் குரலில் சூடு ஏறியது. “டாடி சொன்னாங்க, நீங்க பேக்ல உக்காருவீங்களாம். ப்ளூவும் இல்ல, நீங்களும் இல்ல. கைக்கு? ஏன்? என்ன ஆச்சு உங்களுக்கு?”

ஹில்டா துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். சொல்லக் கூடாது என்றுதான் வாரம் முழுக்க இருந்தாள். ஆனால் இவள் கேட்கிற கேள்வியைப் பார்!

“நீதான எமி வேண்டாம்னு சொன்ன.”

“நானா? எப்போ?”

“போன சனிக்கிழமை. உங்க ஜலஜா ஆன்ட்டிகிட்ட. ரெண்டாந்தாரம் வேண்டாம்னு. முன்னால வேண்டவே வேண்டாம்னு. எனக்குத் தெலுங்கு தெரியாதுதான், ஆனா அந்த வார்த்தை தெரியும்.”

எமி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். “ஹான், சொன்னேன். ரெண்டோ தாரம் வத்துன்னு சொன்னேன். அதுக்கு என்ன?”

அதுக்கு என்னவாம்! ஹில்டா ஒரு மழுப்பலாவது எதிர்பார்த்திருந்தாள். இப்படி முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“பின்னிதான் சொன்னாங்க,” எமி பாட்டுக்குத் தொடர்ந்தாள். “அந்த கிரீன் தையல் மேல ஜரி சுத்தினா கிராண்டா இருக்கும்னு. நான் சொன்னேன் வேணாம், ஆன்ட்டி போட்டதே போதும், ஃப்ரண்ட் சைடுல ரெண்டாவது வேணாம்னு. ரெண்டாவது தாரம்.” ஹில்டா விழிப்பதைப் பார்த்து மேஜையில் கிடந்த பச்சை நூல்கண்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினாள். “தாரம், ஆன்ட்டி. இது. த்ரெட்!”

ஹில்டா நூல்கண்டைப் பார்த்தாள். எமியைப் பார்த்தாள். மறுபடி நூல்கண்டைப் பார்த்தாள்.

“நூலா?”

“நூல்தான். தமிழ்ல தாரம்னா வேற என்ன?”

ஊர் முழுக்க வாய் கோணிச் சொன்னதை ஹில்டா ஒரு தடவைகூடத் தன் பெயராகச் சொல்லிக்கொண்டதில்லை. நூல்கண்டை வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

“பெண்டாட்டின்னு அர்த்தம். ரெண்டாந்தாரம்னா… நான்.”

எமிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் சிரிக்கத் தொடங்கினாள், பாதிச் சிரிப்பில் அது நின்றுவிட்டது. மேஜையில் கிடந்த சதுரத்தைக் குனிந்து பார்த்தாள். பாசி வைத்த ஓரங்களை, இறகுத் தையலை, சுருங்காத மூலைகளைப் பார்த்தாள்.

“வெயிட். நான் அப்படிச் சொன்னேன்னு நெனச்சீங்க. நெனச்சுட்டு, அதுக்கு அப்புறமும் ஒரு வாரம் உக்காந்து இதைத் தெச்சீங்களா?”

“பின்ன? கல்யாணம் உனக்குத்தான.”

எமி அழுதாள். அம்மாவை அடக்கம் பண்ணிய நாளுக்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்த்ததில்லை என்று ரூஃபஸ் சொல்லியிருக்கிறார். இப்போது சின்னப்பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோபமும் கலந்து அழுதாள். “அஞ்சு வருஷம், ஆன்ட்டி! அஞ்சு வருஷமா என்னை இப்படியா பாத்தீங்க? நான் அப்படிப் பேசுவேனா?” என்று தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்டாள். அந்தப் பெண் ஒரு நாளும் சொல்லாத சொல்லை, எப்போது சொல்வாளோ என்று ஐந்து வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு தான்தான் காத்திருந்தோம் என்பது ஹில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. எமியின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“அந்த ப்ளூவை வைங்க” என்றாள் எமி தோளிலிருந்தபடியே. “ஊசி ஓட்டையோட வைங்க, பரவால்ல. ஃபர்ஸ்ட் ரோல நீங்களும் பின்னியும் சேர்ந்து உக்காருங்க. பேக்ல போனீங்க, நான் ஆல்டர் வரைக்கும் வர மாட்டேன். டோர்லயே நிப்பேன்.”

ரூஃபஸ் கடைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினார். மனைவியும் மகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவதும் சிரிப்பதுமாக நின்றதைப் பார்த்ததும் காய்கறிப் பையை அப்படியே தரையில் வைத்தார்.

“என்னம்மா ஆச்சு?”

“தாரம் டாடி” என்றாள் எமி.

தமிழும் தெலுங்கும் இரண்டும் தெரிந்த மனுஷன். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார், மேஜையில் கிடந்த முதல் மனைவியின் சேலைத் துண்டுகளைப் பார்த்தார், நூல்கண்டைக் கையில் பொத்திக்கொண்டு நின்ற ஹில்டாவைப் பார்த்தார்.

“எந்தத் தாரம்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ரெண்டும்தான்” என்றாள் எமி.